ஆரஞ்சுக் கம்பி

மகனே,

நீ கொழும்புக்கு பஸ் ஏறி நாலு நாளாகிறது. வருகிற செவ்வாய்க்கிழமை விமானம் என்றாய். அதற்கு முன் இது உன் கைக்கு வந்து சேர வேண்டும் என்பதால் தபாலை நம்பாமல், மரக்கறி ஏற்றிக்கொண்டு கொழும்புக்குப் போகிற பக்கத்து வீட்டு லொறிக்காரரிடம் கொடுத்தனுப்புகிறேன். நலம், நலமறிய ஆவல் என்று தொடங்க மனம் வரவில்லை. உடம்பு வழக்கம்போல மூட்டு வலியோடு ஓடிக்கொண்டிருக்கிறது. நலமாக இல்லாதது வேறொன்று. கடிதத்தோடு ஒரு சின்னத் தைல டப்பா இருக்கும். அதை இப்போது திறக்காதே. முழுவதையும் வாசித்துவிட்டுத் திற.

போன ஞாயிற்றுக்கிழமை இந்தக் கொட்டகலை வீட்டில் நீ செய்துவிட்டுப் போன வேலையிலிருந்துதான் இந்தக் கடிதம் வந்தது. முன்னறையில் இருக்கிற ரவுட்டரின் சிக்னல், நடுவில் உள்ள கருங்கல் சுவரைத் தாண்டி நான் படுக்கிற பின்னறைக்கு வரவில்லை. நீ வெளிநாட்டிலிருந்து பேசும்போது நான் முன்னறைக் குளிரில் உட்கார வேண்டாம் என்றாய். சிக்னலைப் பிடித்துத் திருப்பி அனுப்பும் சாமான் கடையில் இருக்கிறதே என்று நான் கேட்டதற்கு, அது பாதி வேகத்தைத் தின்றுவிடும், கம்பியைக் கொண்டுபோய் அந்தப் பக்கத்தில் இன்னொரு பெட்டி வைப்பதுதான் முறை என்றாய். கூரை ஓரமாக முழத்துக்கு ஒரு கிளிப் அடித்து, பின்னறையில் குசினிக் கதவுக்கு மேலே இரண்டாவது பெட்டியைப் பொருத்தினாய். இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்து, உன் லேப்டாப்பை என் கையில் கொடுத்து முன்னும் பின்னும் நடக்கவிட்டாய். படம் ஓரிடத்திலும் நிற்கவில்லை. எனக்குச் சந்தோசமாகத்தான் இருந்தது. ஆனால் அதற்கு முன்னால், கம்பியின் முனையில் பிளக்கைப் போட்டு குறட்டால் கடிக்க வைத்தாயே, அப்போது நடந்ததைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. கடித்தாய், இழுத்துப் பார்த்தாய். மறுபடி கடித்தாய், இழுத்துப் பார்த்தாய். மூன்றாவது தடவையும் செய்துவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் தரையைப் பார்த்துச் சொன்னாய்: “இந்தத் தடவ ஒழுங்காக் கடிச்சிருக்கேம்ப்பா.”

நான் சரி என்று தலையாட்டினேன். அப்படித் தலையாட்டியே இரண்டரை வருசத்தை ஓட்டிவிட்டேன்.

முதலில் உங்கம்மாவைப் பற்றிக் கொஞ்சம் எழுத வேண்டும். அவள் போன பிறகு நாம் இரண்டு பேரும் அவளைப் பற்றிப் பேசுவதையே நிறுத்திவிட்டோம். உனக்கு ஆறு வயதாக இருந்தபோது தேயிலைத் தோட்டத்தில் நாம் இருந்த லயத்து வரிசை வீடுகளுக்குக் கரண்ட் வந்தது. பேக்டரியில் வயர்மேனுக்குக் கையாளாக இருந்து நான் கற்றுக்கொண்ட வேலை என்பதால், நம் வீட்டு வயரிங்கை நானே செய்தேன். ஒரே ஒரு பல்பு. அதை உள்ளே மாட்டப் போனேன். அவள் கொழுந்துக் கூடையை இறக்கி வைத்துவிட்டு, “உள்ள மாட்டி யாரு மொகத்தப் பாக்கப் போறீங்க? இஸ்தோப்புல மாட்டுங்க, நாலு வீட்டுப் புள்ளைங்க ஒக்காந்து படிக்கட்டும்” என்றாள். வாசல் பக்கத்து இஸ்தோப்பில் மாட்டினேன். அந்த வெளிச்சத்தில்தான் நீயும் மற்றப் பிள்ளைகளும் படித்தீர்கள். நல்ல யோசனை எல்லாம் அவளுடையது. எனக்குக் குறட்டைப் பிடிக்க மட்டும்தான் தெரியும்.

அவள் வெளிநாட்டுக்கு வீட்டு வேலைக்குப் போனது மட்டும் அவள் யோசனை இல்லை. ஏஜென்சிக்காரனை வீட்டுக்குக் கூட்டி வந்தது நான். விண்ணப்பப் பாரத்தைக் கொண்டுவந்து அவள் முன்னால் வைத்ததும் நான். மகன் படிப்புக்காக என்று ஊருக்குச் சொன்னேன். உன் படிப்பும் ஒரு காரணம்தான். ஆனால் லயத்தை விட்டு வெளியே வந்து, கேட் வைத்த ஒரு வீட்டில் இருக்க வேண்டும் என்ற ஆசை என்னைப் பிடித்து ஆட்டியது. மறுநாள் விடிய, வேலைக்குப் பேர் கொடுக்கப் பெரட்டுக்குப் போகும்முன் அவள், “ரெண்டு வருசந்தானே?” என்று கேட்டாள். ரெண்டு வருசம்தான் என்றேன்.

அங்கே போனதும் அவளிடம் இருந்த போனை அந்த வீட்டு அம்மா வாங்கி வைத்துக்கொண்டதும், ஆறு மாதத்துக்கு நமக்குக் கடிதம் மட்டும் வந்ததும் உனக்குத் தெரியும். பிறகு அந்த வீட்டுப் பெண் பிள்ளை ஒன்று இரக்கப்பட்டு, வெள்ளிக்கிழமை மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு பெரியவர்கள் தூங்கும் நேரத்தில், தன் கம்ப்யூட்டரில் உங்கம்மாவைப் பேச விட்டது. இங்கே அது மாலை நாலரை மணி. நம் லயத்துக்கு மேலே பள்ளிக்கூடக் குவார்ட்டர்ஸில் இருந்த யாழ்ப்பாணத்து மாஸ்டரின் வீட்டில்தான் இன்டர்நெட் இருந்தது. நல்ல மனிதர். “வெள்ளிக்கிழமையில வாங்கோ, என்ர வீட்டில இருந்து கதையுங்கோ” என்றார்.

போனோம். நீ கதிரையில் உட்கார்ந்தாய். நான் உட்காரவில்லை. “ஏன் அண்ணை நிக்கிறியள்? இதில இருங்கோவன்” என்று அவர் எத்தனை தடவை சொன்னார்! “பரவால்லீங்க மாஸ்டர், நின்னே பேசுறேன்” என்று நானும் அத்தனை தடவை சொன்னேன். லயத்துக்காரன் கிளாக்கர் வீட்டிலும் மாஸ்டர் வீட்டிலும் உட்காருவதில்லை. யாரும் சட்டம் போடவில்லை, ஆனாலும் கால் மடங்காது. எங்கப்பாவும் நின்றார், நானும் நின்றேன். கம்ப்யூட்டரின் கமரா மேசை உயரத்தில் இருந்தது. அதனால் வாரக் கணக்காக உங்கம்மா பார்த்தது என் வயிற்றை மட்டும்தான். ஒரு நாள் சிரித்துக்கொண்டே கேட்டாள்: “சட்டப் பொத்தானோட பேசவா நான் வெள்ளிக்கெழம வரைக்கும் காத்துக்கெடக்கேன்? கொஞ்சம் குனியுங்க, மொகத்தப் பாக்கணும்.” மாஸ்டர் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டு சிரித்தார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

அன்றைக்கு இறங்கி வரும்போதுதான் நீ சொன்னாய், “அம்மா அங்க சிரிக்கிறது மாஸ்டர் இருக்கிறதாலப்பா. நம்ம வீட்டுலருந்து பேசுனாத்தான் உள்ளத சொல்லும்.” பதினெட்டு வயதில் உனக்கு அது தெரிந்தது. எனக்குத் தெரிந்திருந்தாலும் நான் தெரிந்துகொள்ள விரும்பவில்லை.

மாஸ்டர் தன் பழைய லேப்டாப்பைக் கொடுத்தார். பட்டரி செத்துப் போனது, சுவரில் குத்தினால்தான் உயிர் வரும். கேபிள் செருகும் ஓட்டையும் உடைந்திருந்தது, வைஃபை மட்டும் வேலை செய்தது. அவர் வீட்டுச் சிக்னலோ அவர் வாசலோடு நின்றுவிடும். “வயர்லெஸ்ஸ நம்பாதையும் தம்பி. கம்பியைக் கீழ கொண்டுபோய், அங்க என்ர பழைய ரவுட்டரை வையும்” என்று அவர்தான் வழி சொன்னார். நூறு மீட்டருக்கு மேல் போனால் சரிவராது என்று நீ அடி வைத்து அளந்தாய், தொண்ணூறுக்குள் வந்தது. இரண்டு பேரும் மழைத்தண்ணீர் ஓடும் கானோரமாகக் கம்பியை இழுத்து, பைப்புக்குள் விட்டு, லயத்துக் கூரைக்கடியில் ஏற்றினோம். பழைய ரவுட்டரை விலாசம் கொடுக்கும் வேலையிலிருந்து விலக்கி, மேலேயிருந்து வருவதை அப்படியே விடும் வெறும் வாசலாக மாற்றினாய். பச்சை விளக்கு எரிந்தபோது நீ போட்ட சத்தத்தில் பக்கத்துக் காம்பரா ஆட்கள் ஓடி வந்தார்கள். அவர்களில் இரண்டு வீட்டுப் பெண்களும் வெளிநாட்டில்தான் இருந்தார்கள், அவர்களுக்கும் அந்த விளக்கு எரிந்தது.

அப்போது நீ எனக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தாய். கம்பிக்குள் எட்டு நிறம். “நீலமும் மண்ணெறமும் போனாலும் லைன் ஓடும்ப்பா. ஆரஞ்சு இல்லாட்டி பச்ச, அதுல ஒன்னு போனாலும் செத்துரும்.” பேக்டரியில் முப்பது வருசம் கம்பி பிடித்தவனுக்கு மகன் பாடம் சொல்கிறானே என்று பெருமையாக இருந்தது. அதை மறக்காமல் வைத்துக்கொண்டேன்.

இனி எழுதப் போவது உனக்குத் தெரியாது.

உன் உயர்தரப் பரீட்சைக்கு ஒரு மாதம் இருக்கும். ஒரு வெள்ளிக்கிழமை நீ ஹட்டனுக்கு வகுப்புக்குப் போயிருந்தாய். நான் கட்டிலில் உட்கார்ந்து, முகம் தெரிய, லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டிருந்தேன். “தம்பி இல்லியா?” என்று உன்னைக் கேட்டாள். கிளாசுக்குப் போயிருக்கிறான் என்றேன். “நல்லதாப் போச்சி, இதப் பாருங்க” என்று கைச்சட்டையை மேலே தள்ளினாள். முழங்கைக்குக் கீழே இஸ்திரிப் பெட்டியின் முனை அப்படியே பதிந்திருந்தது. சுட்டு இரண்டு மூன்று நாள்தான் இருக்கும்.

“தவறிப் பட்டதா?” என்று கேட்டேன். பார், கேட்ட கேள்வியை.

“தவறி எப்பிடிங்க இம்புட்டு நேரம் படும்?” என்றாள். “ராவானா காம்பராவுல போட்டுப் பூட்டுறாங்க. என்னால முடியலங்க. நான் வந்துர்றேன். பழையபடி கொழுந்தே எடுக்கிறேன்.”

நான் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். “இன்னும் ஏழு மாசந்தானே. பல்லக் கடிச்சிக்கிட்டு இரு.”

அவள் அழவில்லை. சட்டையை இறக்கிவிட்டாள். “நீங்க இப்பிடித்தான் சொல்லுவீங்கன்னு தெரியும். இந்த வீட்டுப் புள்ள என்னைய எம்பசிக்குக் கொண்டுபோய் விடுறேன்னு சொல்லுது. தனியா முடிவெடுக்கப் பயமா இருக்கு. வர்ற வெள்ளிக்கெழம தம்பிக்கிட்ட கேக்கிறேன். அவன் வான்னு சொன்னா நான் வந்துருவேன்.” அவ்வளவுதான். எழுந்து போய்விட்டாள்.

நீ வா என்றுதான் சொல்லியிருப்பாய். இதில் எனக்கு ஒரு துளி சந்தேகமும் இல்லை.

அந்த வாரம் மாஸ்டர் ராகலைக்கு ஒரு கல்யாண வீட்டுக்குப் போனார். போகும்போது வழக்கம்போல வீட்டுச் சாவியை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார். வெள்ளிக்கிழமை மதியம் பேக்டரியிலிருந்து வந்த வழியில் அவர் வீட்டைத் திறந்தேன். பிளக்கைக் கழற்றி வைத்தால் யார் கழற்றியது என்ற கேள்வி வரும். அதனால் பிளக்கின் பின்பக்க உறையைக் கொஞ்சம் கீறி, மூக்குக் குறட்டால் ஆரஞ்சுக் கம்பியை மட்டும் பிடித்து வெளியே இழுத்தேன். லேசில் வரவில்லை. பிளக்கை முழங்காலுக்குள் இடுக்கிக்கொண்டு இழுத்தேன். பிறகு எல்லாவற்றையும் இருந்தபடி செருகிவிட்டு, கதவைப் பூட்டி, சாவியைக் காற்சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டேன்.

நாலரைக்கு நீ லேப்டாப் முன்னால் உட்கார்ந்தாய். பச்சை விளக்கு எரியவில்லை. கூரைக்கடியில் ஏறி நம் பக்கத்துப் பிளக்கை வெட்டிப் புதிதாகப் போட்டாய். எரியவில்லை. கானோரமாகக் குனிந்து கம்பியைத் தடவிக்கொண்டே மேலே ஓடினாய். லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு மாஸ்டர் வீட்டுக் கதவில் போய் நின்றாய். வாசலில் சிக்னல் இருந்தது, குத்துவதற்குக் கரண்ட் வீட்டுக்குள்ளே இருந்தது. “சாவி எங்கப்பா?” என்று நீ கத்தியது லயம் முழுக்கக் கேட்டது. “இந்தத் தடவ அவரே கொண்டுபோயிட்டாரு” என்றேன். சாவி என் தொடையில் இடித்துக்கொண்டிருந்தது. ஆறு மணிக்கு நீ மழையில் நனைந்து இறங்கி வந்தாய். நான் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸடியில் காத்து நின்று மாஸ்டரிடம் சாவியைக் கொடுத்தேன். அன்றைக்கே நீ அவர் வீட்டில் பிளக்கைக் கழற்றிப் பார்த்து, ஆரஞ்சு வெளியே நிற்பதைக் கண்டுபிடித்தாய். அந்தப் பிளக்கை வெட்டி ஜன்னல் வழியே எறிந்துவிட்டு வேறு போட்டாய். விளக்கு எரிந்தது. அடுத்த வெள்ளிக்கிழமையும் எரிந்தது. அவள் வரவில்லை. அதற்கடுத்த புதன்கிழமை தோட்டத்து ஆபீசுக்கு ஏஜென்சியிலிருந்து செய்தி வந்தது. மாடியிலிருந்து விழுந்துவிட்டாளாம். லைன் செத்திருந்த அந்த வெள்ளிக்கிழமைக்கு மறுநாள்.

கட்டுநாயக்கா விமான நிலையத்திலிருந்து சவப்பெட்டியைக் கொண்டுவந்த வழியில், சண்டைக் காலம் என்பதால், ஒவ்வொரு செக்பொயின்டிலும் இறக்கி விசாரித்தார்கள். எனக்குச் சிங்களம் சரியாக வராது, நீதான் ஒவ்வொருவரிடமும் “அம்மா” என்று அந்தப் பெட்டியைக் காட்டிக் காட்டிச் சொன்னாய். பெட்டியைத் திறக்க வேண்டாம் என்று எழுதியே அனுப்பியிருந்தார்கள். காரியம் முடிந்து சில நாளில் அந்தப் பெண் பிள்ளை மாஸ்டருக்கு ஈமெயில் எழுதியிருந்தது. மாஸ்டர் அதைத் தமிழில் சொன்னார். அந்த வெள்ளிக்கிழமை உங்கம்மா ஒரு மணி நேரம் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து திரும்பத் திரும்ப அழைப்பை அழுத்திக்கொண்டே இருந்தாளாம். பிறகு, “மகன் எடுக்கவில்லை” என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து சமையலறைக்குப் போனாளாம்.

அன்றைக்கு வீட்டுக்கு வந்து நீ என் காலடியில் உட்கார்ந்து அழுதாய். “நான் கடிச்ச கடி சரியில்லப்பா. அந்த ஒரு கம்பி… நான் இழுத்துப் பாத்திருக்கணும்” என்றாய். நான் அப்போதே சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. அதை விழுங்கிவிட்டு உன் தலையில் கை வைத்து, “விடுப்பா, நீ வேணுமின்னா செஞ்ச?” என்றேன். மகனே, கம்பியை இழுத்ததைவிட இதுதான் பெரிய பாவம். நான் செய்ததற்கு உன்னை மன்னித்தேன். நீயும் அந்த மன்னிப்பை வாங்கிக்கொண்டாய். அப்பா எவ்வளவு நல்லவர் என்று மாஸ்டரிடம் சொன்னாயாமே.

பரீட்சைக்காகச் செய்தேன், நீ கேட்டால் படிப்பை விட்டுவிடுவாய் என்று பயந்து செய்தேன் என்று எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். அது உண்மையில்லை. “பல்லக் கடிச்சிக்கிட்டு இரு” என்று நான் சொன்னதை அவள் உன்னிடம் சொல்லிவிடுவாள் என்றுதான் பயந்தேன். அவள் வந்துவிட்டால் கேட் வைத்த வீடு போய்விடும் என்றும் பயந்தேன். பரீட்சையில் நீ கோட்டை விட்டாய். பிறகு கம்பி இழுக்கிற வேலையைத்தான் கற்றுக்கொள்ளப் போனாய். உன் முதலாளி, “உங்கட மகன் போட்ட கம்பி ஒன்றுகூடப் பழுதாகித் திரும்பி வந்ததில்லை” என்று என்னிடம் புகழ்ந்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவள் சாவுக்குக் கிடைத்த காசில் வாங்கிய இந்த வீட்டுக்குக் கேட் இருக்கிறது. அதைத் திறந்துகொண்டு வர ஆள் இல்லை.

உங்கம்மா போன அதே நாட்டுக்கு நீ போகிறாய். அப்பன் என்ற முறையில் புத்தி சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை, இருந்தாலும் ஒன்று சொல்கிறேன். உன்னைப் பெரிய பெரிய வீடுகளுக்கு அனுப்புவார்கள். எந்த அறைக்குச் சிக்னல் எட்டவில்லை என்று கருவியோடு நடந்து பார்ப்பாய். சமையலறைக்குப் பின்னால் கடைசியாக ஒரு சின்ன அறை இருக்கும். அதற்கு வேண்டாம் என்று வீட்டுக்காரர் சொல்வார். அந்த அறையில் யார் இருக்கிறாள் என்று பார். நம் பாஷை பேசுகிறவளா என்று கேள். உன்னால் முடிந்தால் அந்தச் சுவருக்குப் பக்கத்தில் ஒரு பெட்டி வை. பிறகு, யாராவது உன்னிடம் தாங்க முடியாததைச் சொல்ல வந்தால், கேட்க முடியவில்லை என்றால் முடியவில்லை என்று சொல். கம்பியை மட்டும் பிடுங்காதே.

என்னிடம் பேச வேண்டுமா வேண்டாமா என்பதை நீ முடிவு செய். பின்னறையில் நீ வைத்த பெட்டியில் விளக்கு எரிகிறது. வெள்ளிக்கிழமை நாலரைக்கு நான் அதன் முன்னால் உட்கார்ந்திருப்பேன். நீ அழைக்காவிட்டால் அதுவும் நியாயம்தான். அந்த ஒரு மணி நேரத்தை நானும் உட்கார்ந்து பார்க்க வேண்டும்.

இப்போது டப்பாவைத் திற. நீ ஜன்னல் வழியே எறிந்த பிளக் அது. அன்றைக்கே கானுக்குள் இறங்கிப் பொறுக்கி வைத்துக்கொண்டேன். என்னை யாரும் கண்டுபிடித்துவிடக் கூடாது என்று எடுத்தது, பிறகு எறிய முடியவில்லை. நீ தொழில் தெரிந்தவன், வெளிச்சத்தில் பிடித்துப் பார். பின்பக்கம் கத்தி கீறிய கோடு தெரியும். ஆரஞ்சுக் கம்பியின் மேல் என் குறட்டின் பல் பதிந்திருக்கும். அதன் நுனியில் தோல் கிழிந்து செம்பு நீளத்துக்கு உரிந்திருக்கும். கடிபடாத கம்பி அப்படி உரியாது, வழுக்கிக்கொண்டு வந்திருக்கும். மற்ற ஏழு கம்பியையும் பார். ஒன்றுகூட அசையவில்லை.

பதினெட்டு வயதில், இரவல் குறட்டை வைத்துக்கொண்டு, உங்கம்மாவுக்காக நீ கடித்தது. அது சரியாகத்தான் கடித்திருந்தது, மகனே.

அப்பா